மூடி விழுந்த வாரம்

சனிக்கிழமை துவைத்து மாட்டிய வெள்ளைத் திரைச்சீலைகள் திங்கட்கிழமை காலையில் அடுப்படித் துணி மாதிரி கறுத்திருந்தன. தூபா நாற்காலி மேல் ஏறி நின்று அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அவளுடைய ஒரே மகனுக்குக் கல்யாணம். வருகிறவர்கள் முதலில் திரைச்சீலையைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள் என்பது அவள் கட்சி.

“ஜன்னலைத் திறக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யாருடா திறந்தது?”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன் கியூமர்ஸ் நிமிர்ந்து பார்த்தான். “யாரும் திறக்கலைம்மா. மூடின ஜன்னல் வழியாத்தான் வருது.”

“மூடின ஜன்னல் வழியா வர்றதுக்கு அது என்ன ஜின்னா?” என்று ஆரம்பித்தவளுக்கு இருமல் வந்துவிட்டது. நாற்காலி ஆடியது. கியூமர்ஸ் அவள் முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இருமி ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நேத்து ராத்திரி தயிர் தின்னது தப்பு. குளிர்ச்சி,” என்றாள்.

பதினொரு வருஷமாக ஒவ்வொரு குளிர்காலமும் அவளுக்கு இந்த இருமல் உண்டு. ஒரு வருஷம் தயிர்மேல் பழி போடுவாள், ஒரு வருஷம் வெள்ளரிக்காய்மேல். டர்னிப் கிழங்கை வேகவைத்துச் சூடாகத் தின்பாள். வசந்தம் வந்ததும் இருமல் போய்விடும். கிழங்குதான் குணப்படுத்தியது என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவாள்.

நேசார் ஊருக்கு மூன்று பக்கமும் மலை. நாலாவது பக்கத்தில் செங்கல் சூளைகள். அவற்றுக்கு அப்பால் மின்நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகள். வசந்தத்தில் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிடும். கோடையில் காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். குளிர் முற்றுகிற பஹ்மன் மாதத்தில்தான் காற்று செத்துக் கிடக்கும். மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர், கிண்ணத்தின் அடியில் தயிர் உறைவதுபோல ஊருக்குள் உறைந்துகொள்ளும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று வந்து படுத்துவிடும். வீடுகளுக்கே எரிவாயு போதாத நாட்கள் என்பதால் மின்நிலையத்தில் அதற்குப் பதில் கறுப்பெண்ணெய் எரியும். அடுப்பு, வண்டி, சூளை, எது விட்ட புகையும் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே சுற்றிவரும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘மூடி’. இந்தத் தடவை மூடி விழுந்து ஆறு நாளாகியிருந்தது. பள்ளிக்கூடங்களைச் சாத்திவிட்டார்கள். எதிர்வீட்டு மாடி சில நேரம் தெரிந்தது, சில நேரம் தெரியவில்லை.

கியூமர்ஸ் அழுக்குத் திரைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். காலையிலிருந்து சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்தான். அம்மா கீழே இறங்கினதும் சொல்லிவிட்டான்.

“அம்மா, மஹ்லகா ஒண்ணு கேக்கறா. மூடி திறக்கற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமான்னு. அவ அப்பாவாலே இப்போ கீழே இறங்க முடியாதாம்.”

“ஏன், மலைமேலே ராஜ்யம் பண்றாரா?”

“நெஞ்சு சரியில்லைம்மா அவருக்கு.”

“நெஞ்சா! கோடையிலே நம்ம வீட்டுக்கு வந்து ஒரு முழுத் தர்பூசணியைத் தனி ஆளாத் தின்னுட்டுப் போனாரே, அந்த நெஞ்சா?”

சம்பந்தி நுஸ்ரத் ஆகாவை அவள் பார்த்தது கோடையில் மட்டும்தான். நிச்சயம் பேச வந்தபோது அகன்ற தோளும் பெரிய சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார். அவர் சொன்ன ஒரு வேடிக்கைக்கு அவளே முக்காட்டுக்குள் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் மனிதர் காணாமல் போனார். குளிர்காலத்து நீண்ட இரவுப் பண்டிகைக்கு மணமகளுக்குத் தட்டுத் தட்டாகப் பழமும் துணியும் எடுத்துக்கொண்டு இவர்கள் போனபோது, பெண்ணின் சித்திதான் வாசலில் நின்றாள். அப்பா பர்-ஆஃப்தாப் கிராமத்தில் இருக்கிறார், வரமுடியவில்லை என்றாள். தூபாவின் மனசில் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நம் குடும்பம் சூளைக்காரக் குடும்பம், கையில் மண் ஒட்டினவர்கள், அதனால்தான் இந்த ஏளனம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

“அடுத்த வாரம் முஹர்ரம் பிறை. அப்புறம் துக்க காலம், ரெண்டு மாசத்துக்குக் கல்யாணம்னு பேச்சே எடுக்க முடியாது. நான் இருநூறு பேரைக் கூப்பிட்டாச்சு. அவர் வந்தா வரட்டும், வராட்டி சம்மதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். போய்ச் சொல்லு.”

“அப்பா பக்கத்திலே இல்லாம அவ சம்மதம் சொல்லமாட்டாம்மா. அம்மா இல்லாத பொண்ணு.”

“எனக்கு மட்டும் என்ன ஏழெட்டுப் பிள்ளையா இருக்கு?” என்றாள் தூபா. திரைகளைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

*

மறுநாள் நண்பகலில் வாசல் மணி அடித்தது. கியூமர்ஸ் பஸ் டிப்போவில் வேலைக்குப் போயிருந்தான். தூபா கதவைத் திறந்தபோது முதலில் ஒரு கூடைதான் தெரிந்தது. அதில் ஆப்பிளும் வால்நட்டும். கூடைக்குப் பின்னால், படியில், ஒரு ஆள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கம்பளித் துண்டு மூக்கு வரை சுற்றியிருந்தது.

“யாருங்க?”

அவர் தலையைத் தூக்கினார். கோடையில் பார்த்த முகம்தான். கன்னம் ஒட்டியிருந்தது. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. இருந்தும் சிரிக்கப் பார்த்தார்.

“சம்பந்தி... நான்... வந்துட்டேன்.” ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மாடிப்படி ஏறுவதுபோல மூச்சு இழுத்தது. “கல்யாணத்தை... தள்ள வேணாம்.”

தூபா இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த குத்தல் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, துண்டைத் தளர்த்திவிட்டாள். நெஞ்சுக்குள் கதவு உராய்கிற மாதிரி ஒரு சத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண், எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, இன்றைக்கு மட்டும் மூச்சுத் திணறல் என்று இத்தனை பேர் என்று ஏதோ எண்ணிக்கை சொன்னாள். தூபா அதைக் கேட்டு முடிக்கவில்லை. செத்துப்போன கணவன் ரஹ்மானின் வெள்ளை பேக்கான் கார் சந்தில் நின்றது. ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். சாவியை எடுத்தாள்.

“எழுந்திருங்க சம்பந்தி. என் தோளைப் பிடிங்க.”

“கூடை...”

“கூடை கிடக்கட்டும். திருடன் தின்னாலும் புண்ணியம்தான்.”

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிற்க இடமில்லை. கிழவர்கள், குழந்தைகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணி. வெள்ளைக் கோட்டில் ஓடிக்கொண்டிருந்த நர்ஸுகளில் ஒருத்தி இவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். மஹ்லகா. மருந்துத் தட்டை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“அப்பா! ஏன்ப்பா இறங்கினே? நான் எத்தனை தடவை சொன்னேன்!”

அவளே ஒரு நாற்காலியைப் பிடித்து, ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டி, ஊசி போட்டாள். அவள் விரல்கள் நடுங்கவில்லை என்பதைத் தூபா கவனித்தாள். கண்கள் மட்டும் நிறைந்திருந்தன. கால் மணி நேரத்தில் உதட்டின் நீலம் கொஞ்சம் வெளுத்தது. டாக்டர் வந்து முதுகில் குழல் வைத்துப் பார்த்தார்.

“இவர் போர்க்காலத்து விஷவாயு பட்டவர்தானே? இங்கே படுக்க வச்சு பிரயோஜனமில்லை. இந்த ஜன்னலுக்கு உள்ளேயும் அதே காத்துதான். வீட்டிலே மெஷின் இருக்குல்ல? வழிக்கு ஒரு சிலிண்டர் தர்றேன். மேலே கொண்டு போயிடுங்க, உடனே.”

தூபா மஹ்லகாவைப் பார்த்தாள். மஹ்லகா தரையைப் பார்த்தாள்.

“யாரும் எனக்குச் சொல்லலையே,” என்றாள் தூபா.

“அப்பா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார் அத்தை. கியூமர்ஸ்கிட்டேயும்தான்.” அதற்குள் யாரோ உள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தை அலறியது. அவள் அப்பாவையும் அந்தச் சத்தம் வந்த திசையையும் மாறி மாறிப் பார்த்தாள். நுஸ்ரத் ஆகா முகமூடிக்குள்ளிருந்தே கையை வீசி, போ போ என்று சைகை காட்டினார்.

“நீ உன் வேலையைப் பாரு. நான் கொண்டுபோய் விடறேன்,” என்றாள் தூபா.

“அத்தை, மலைப் பாதை...”

“மலைதானே, கடலா? போ, குழந்தை அழுவுது.”

*

பேக்கான் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. முன்னால் பத்தடி தெரிந்தது, அதற்கப்புறம் பழுப்பு. விளக்குகளைப் போட்டுக்கொண்டு எதிரே வந்த லாரிகள் கடைசி நொடியில்தான் உருவம் எடுத்தன. நுஸ்ரத் ஆகா சிலிண்டரை மடியில் பிள்ளைபோல் அணைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த வண்டி... ஏறுமா?”

“ஏறாட்டி நான் ஏத்துவேன். நீங்க பேசாம மூச்சு விடுங்க.”

கொஞ்ச தூரம் அவர் அப்படியே செய்தார். பிறகு, “உங்ககிட்ட மறைச்சது தப்பு சம்பந்தி,” என்றார்.

“தப்புதான். ஏன் மறைச்சீங்க?”

“சொன்னதும் ஜனங்க மெதுவாப் பேச ஆரம்பிச்சுடறாங்க. செத்த வீட்டிலே பேசற மாதிரி. முப்பது வயசிலேருந்து... அதைக் கேட்டுக் கேட்டு...”

“நான் மெதுவாப் பேசமாட்டேன். பயப்படாதீங்க. எனக்கு அது வராது.”

முகமூடிக்குள் அவர் சிரித்தார். உடனே இருமினார். அவர் இருமலைக் கேட்டு அவளுக்கும் இருமல் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இருமிக்கொண்டே ஒரு வளைவைக் கடந்தார்கள்.

நுஸ்ரத் ஆகா பல வருஷம் சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். இந்தப் பாதை அவருக்கு உள்ளங்கை. ஒன்பதாவது வளைவில் மூடி முடியும், அதற்கு மேல் வெளிச்சம் என்றார். தூபா ஸ்டியரிங்கின்மேல் குனிந்து வளைவுகளை எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பது வந்தது. பழுப்பு அப்படியே இருந்தது. சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருப்பதை இருவரும் பார்த்தார்கள்.

“இன்னிக்கு மூடி உயரமா இருக்கு,” என்றார் அவர், மன்னிப்புக் கேட்பதுபோல.

“உயரமா இருந்தா நாம இன்னும் உயரமாப் போறோம்,” என்றாள் தூபா. பற்களைக் கடித்துக்கொண்டு முதல் கியருக்கு மாற்றினாள். பத்தாவது வளைவில் பழுப்பு மஞ்சளானது. பதினொன்றாவது வளைவைத் திரும்பியதும் வெயில் கண்ணில் அறைந்தது. அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். வண்டி ஓரமாக நின்று அணைந்தது.

வானம் நீலமாக இருந்தது. அவள் அதை மறந்தே போயிருந்தாள். எதிர்மலையில் பனி, தொட்டுவிடலாம் போலக் கிட்டத்தில் மின்னியது. திரும்பிக் கீழே பார்த்தாள். ஊர் இல்லை. மூன்று மலைகளுக்கு நடுவே பழுப்பாக ஒன்று விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. அதன் மேற்பரப்பு காய்ச்சின பாலின் ஆடை மாதிரி தட்டையாக இருந்தது. மின்நிலையத்துப் புகைபோக்கிகளின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவற்றின் புகை ஒரு முழம் மேலே எழும்பி, ஏதோ கண்ணாடியில் முட்டினதுபோல மடங்கிப் பக்கவாட்டில் படுத்தது.

“இதுக்குள்ளேயா நாங்க இருக்கோம்?” என்றாள்.

நுஸ்ரத் ஆகா ஜன்னலை இறக்கி, முகமூடியைக் கழற்றி, கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

*

அவர் வீட்டில் ஒரே அறை, ஒரு சமையலறை, மூலையில் ஆக்ஸிஜன் மெஷின். அவரைப் படுக்க வைத்து மெஷினை ஓடவிட்டபின், தூபா சமையலறைக்குள் நுழைந்து கெட்டிலைத் தேய்த்தாள். “இதிலேயா டீ போட்டுக் குடிக்கறீங்க? உங்களுக்கு விஷவாயு வேறயா வேணும்?” என்று அங்கிருந்தே கத்தினாள். அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை இருமல் தொடரவில்லை.

டீயை எடுத்துக்கொண்டு வந்து, வெயில் விழுந்த சுவரோரமாக இருவரும் உட்கார்ந்தார்கள். கற்கண்டுக் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் தன் கதையைச் சொன்னார். குளிர்காலத்தில் கீழே இருக்க முடியாது. கோடையில் இங்கே இருக்க முடியாது. கிராமத்துக்கு முன்னால் வற்றிப்போன உப்பு ஏரி இருக்கிறது. கோடைக் காற்று அதன் உப்பையும் தூசியையும் நேரே இந்தச் சரிவில் கொட்டும். அப்போது மலை மறைவிலுள்ள நேசார்தான் நல்லது.

“ஆட்டுக்காரன் ஆட்டை ஓட்டிக்கிட்டு ஏறுவான், இறங்குவான். நான் என் நுரையீரலை ஓட்டிக்கிட்டு ஏறி இறங்கறேன். மஹ்லகா அம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமைதோறும் மேலே வருவா. புருஷன் பொண்டாட்டின்னு நாங்க ஒரே வீட்டிலே இருந்தது வருஷத்துக்கு ஆறு மாசம்தான்.”

தூபா டீ கிளாஸைத் தரையில் வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரர் போனது இதே பஹ்மன் மாசம்தான். ஆறு வருஷமாச்சு. அப்பவும் மூடி விழுந்திருந்தது. மலைப்பக்கம் எங்கேயாவது போய் நாலு நாள் இருந்துட்டு வரட்டுமா தூபான்னு கேட்டார். கல்லு உறையற குளிர்லே மலையிலே உங்களுக்கு என்ன வேலைன்னு நான்தான் கத்தினேன். கிழங்கு வேகவச்சுக் கொடுத்தேன்.” அவள் குரல் வழக்கம்போல உரக்கத்தான் இருந்தது. நடுவில் மட்டும் எங்கோ கிழிந்தது. “புதன்கிழமை போயிட்டார். இதயம்னு எழுதினாங்க. மூச்சுதானோ சம்பந்தி?”

பொய் சொல்லி ஆறுதல் தருகிற வழக்கம் நுஸ்ரத் ஆகாவுக்கு இல்லை.

“எனக்குத் தெரியாது சம்பந்தி. இனிமே யாருக்கும் தெரியப்போறதும் இல்லை. நாலு நாள் மேலே வந்திருந்தா, நாலு நாள் நல்லா இருந்திருப்பார். அவ்வளவுதான் என்னாலே சொல்ல முடியும்.”

அவள் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை வந்தால் இருமலும் கூடவே வரும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. மலையேறி இரண்டு மணி நேரமாகிறது, ஒரு தடவைகூட இருமவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“தயிர் இல்லை அப்போ,” என்றாள்.

“என்ன தயிர்?”

“ஒண்ணுமில்லை. டீ ஆறுது, குடிங்க.”

*

அன்று மாலை தூபாவின் கூடத்தில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். கணவனின் தம்பி ஹொஜ்ஜத் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். ஊருக்கு மேற்கே மூன்று சூளைகள் அவனுடையவை. தூபா முக்காட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்.

“கல்யாணம் வியாழக்கிழமையேதான். மண்டபத்திலே இல்லை. கணவாய்க்கு மேலே இருக்கிற டீக்கடையிலே.”

ஹொஜ்ஜத்தின் கை நின்றது. “எது, அந்த லாரிக்காரங்க கபாப் தின்ற கடையா? அண்ணி, உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?”

“பெரிய கூடம் இருக்கு. கடைக்காரன்கிட்டப் பேசிட்டேன். வெயில் அடிக்குது.”

“வெயில் அடிக்குதாம்! ஊரே சிரிக்கும். சூளைக்கார ரஹ்மான் மகன் கல்யாணத்தை டீக்கடையிலே வச்சான்னு.”

“சிரிக்கட்டும். மேலே போய்ச் சிரிச்சா இருமல் வராது.”

கியூமர்ஸ் வாசற்படியிலிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹொஜ்ஜத் கையைத் துடைத்துக்கொண்டான். “ஒரு ஆளுக்காக இருநூறு பேர் மலை ஏறணுமா?”

“அப்போ உன் சூளையை மூணு நாள் அணைச்சு வை. நான் கீழேயே வச்சுக்கறேன்.”

ஹொஜ்ஜத்தின் முகம் சிவந்தது. ஆனால் அவன் கத்தவில்லை.

“நான் ஒருத்தன் அணைச்சா மூடி திறந்துடுமா அண்ணி? மின்நிலையம் எரியுது, வண்டியெல்லாம் ஓடுது, உன் பேக்கானும்தான் புகை விடுது. என் சூளையை நம்பி அறுபது வீட்டிலே அடுப்பு எரியுது. அவங்களை எங்கே போகச் சொல்றே? நான் என்ன ஆசைப்பட்டா இந்தப் புகையிலே நிக்கறேன்? என் பேத்தி நாலு நாளா முகமூடி போட்டுத் தூங்குறா.”

அவன் சொன்னதும் நிஜம்தான். தூபா பக்கத்தில் உட்கார்ந்து, அவன் உரித்து வைத்த மாதுளையை அவன் பக்கமே தள்ளினாள்.

“அதுக்கெல்லாம் எனக்கு வழி தெரியாது தம்பி. எங்கே பாய் விரிக்கறதுங்கறது என் கையிலே இருக்கு. அதை மட்டும் மாத்தறேன். நீ உன் பேத்தியையும் கூட்டிக்கிட்டு வா.”

*

வியாழக்கிழமை நாற்பது வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மலை ஏறின. முதல் வண்டி பதினொன்றாவது வளைவைத் தாண்டியதும் நின்றது. அதைப் பார்த்து எல்லா வண்டியும் நின்றன. ஜனங்கள் பட்டுடையோடு சாலையோரத்தில் இறங்கி, வாயைத் திறந்துகொண்டு கீழே பார்த்தார்கள். ஒன்பது நாளாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த குழந்தைகள் பெரியவர்களின் கையை உதறிவிட்டுப் பனியில் ஓடின. அவர்களைப் பிடித்து மறுபடி வண்டியில் ஏற்றவே அரைமணி நேரம் ஆயிற்று. கல்யாணம் நடத்திவைக்க வந்த மௌலவிக்குக் கோபம். “இப்படி நின்னு நின்னு போனா முஹர்ரம் வந்துடும்!” என்று முதல் வண்டிக்குள்ளிருந்து கத்தினார்.

டீக்கடைக் கூடத்தில் கண்ணாடியும் மெழுகுவர்த்தியும் தேனும் பூவும் வைத்து விரிப்பு விரித்திருந்தார்கள். கபாப் புகை வாசனை சுவரில் ஊறியிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மணமக்களின் தலைக்குமேல் பெண்கள் வெள்ளைத் துணியைப் பிடித்து, வாழ்வு இனிக்க என்று சர்க்கரைக் கூம்புகளைத் தேய்த்தார்கள். மஹ்லகாவுக்கு வலப்பக்கத்தில் நுஸ்ரத் ஆகா சவரம் செய்த முகத்தோடு, முகமூடி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மௌலவி முதல் தடவை சம்மதம் கேட்டபோது, வழக்கப்படி, மணமகள் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்றார்கள் பெண்கள். இரண்டாம் தடவை பன்னீர் எடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். மூன்றாம் தடவை அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“எங்க அப்பா அனுமதியோட, பெரியவங்க அனுமதியோட, சம்மதம்.”

பெண்கள் குலவையிட்டார்கள். நுஸ்ரத் ஆகா தொண்டையைச் செருமி, “அனுமதி!” என்று கூடமே அதிரக் கத்தினார். அவர் கத்தவேண்டிய இடமே இல்லை அது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கைக்குட்டையைச் சுழற்றி நாலு அடி ஆடவும் செய்தார். ஐந்தாவது அடியில் மஹ்லகா வந்து பிடித்து உட்கார வைத்தாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் தூபாவின் பக்கத்தில் வந்து நின்றாள். “அத்தை, என்மேலே கோபமா?”

“கோபம்தான். உங்க அப்பா நோயை மறைச்சே. இன்னொரு தடவை எதையாவது மறைச்சேன்னா பேசமாட்டேன்.” மஹ்லகாவின் கண்களுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அலங்காரப் பூச்சு மூடவில்லை. தூபா அவள் கன்னத்தைத் தொட்டாள். “நேத்தும் டியூட்டி பார்த்தியா?”

“ஆள் போதலை அத்தை.”

“கல்யாணப் பொண்ணுடி நீ. போ, வெயில்லே பத்து நிமிஷம் உட்காரு.”

ஹொஜ்ஜத் கடைசியாகத்தான் வந்தான். பேத்தி பனியில் உருண்டுகொண்டிருக்க, அவன் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே நிரம்பிக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தான். தன் சூளைகள் எந்த இடம் என்று அடையாளம் தேடினானோ என்னவோ. அப்புறம் உள்ளே வந்து இரண்டு கம்பி கபாப் தின்றான். பொழுது சாய்ந்தும் கிளம்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை.

காற்று சனிக்கிழமை அடித்தது. மூடி ஒரே காலையில் கரைந்துபோயிற்று. மூன்றாம் நாள் முஹர்ரம் பிறை. ஊர் கறுப்புக் கொடி கட்டியது. கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வருஷம் ஹொஜ்ஜத் ஒரு சூளையை மலைக்கு அப்பால், ஊர்க்காற்றுக்கு வெளியே கொண்டுபோனான். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே எரிந்தன. தூபா இலையுதிர்காலம் முடிவதற்குள் பர்-ஆஃப்தாபில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். விதவை ஒருத்தி சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோனால் ஊர் என்ன சொல்லுமோ அதையெல்லாம் சொன்னது. “சொல்றவங்க ரெண்டு நாள் வந்து மூச்சு விட்டுப் பார்க்கட்டும், அறை காலியாத்தான் இருக்கு,” என்று சொல்லி அனுப்பினாள். இருமல் முழுதாகப் போகவில்லை. ஆனால் நாற்காலியில் ஏறி நிற்கப் பயப்படும்படி வரவில்லை.

மறு பஹ்மனில் மஹ்லகா ஐந்து மாதக் கர்ப்பம். மேலே வந்துவிடு என்று தூபா தினமும் போனில் சண்டை போட்டாள். மூடி விழுகிற வாரங்களில்தான் ஆஸ்பத்திரியில் கூட்டம், அந்த வாரங்களில்தான் விடுப்புக் கிடையாது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கியூமர்ஸ் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டு நாள் விடுப்பு. வண்டியிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. வெயில் விழுந்த சுவரோரத்தில், காலணியோடு, கையை வயிற்றின்மேல் வைத்தபடி சாய்ந்து தூங்கிப்போனாள். தூபா உள்ளேயிருந்து ரஜாயை எடுத்து வந்து போர்த்தினாள். பக்கத்து வீட்டில் நுஸ்ரத் ஆகாவின் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

“சம்பந்தி! அந்தப் பெட்டியைக் குறைங்க, பொண்ணு தூங்குது!” என்று அதைவிட உரக்கக் கத்தினாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். மஹ்லகா அசையவில்லை. மூச்சு ஒரே சீராக வந்து போய்க்கொண்டிருந்தது.